சகாகி: மத்தியதரைக் கடலில் ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பல்



நம் பேச்சுவழக்கில் 'எம்டன்' என்றொரு சொல் உண்டு. எவருக்கும் பிடிகொடுக்காத சூரனை, எதையும் துணிந்து செய்யும் கெட்டிக்காரனை "அவன் பெரிய எம்டன்" என்று நம் பாட்டனார் காலத்திலிருந்தே சொல்லி வருகிறோம். இச்சொல் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதை நம் மாணவர்களில் பலர் அறியார். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் அக்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசி எரித்தது. அடுத்த மாதம், அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலையில், நம் பினாங்குத் துறைமுகத்தினுள்ளேயே புகுந்து ஷெம்சுக் என்னும் ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. திரும்பும் வழியில் மூஸ்கே என்னும் பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் அழித்தது.

எம்டனின் கதையை நாம் ஓரளவு அறிவோம். அதனைத் தேடி இந்தியப் பெருங்கடலில் அலைந்த கப்பல்களுள் ஜப்பானியக் கப்பல்களும் இருந்தன என்பதை அறிந்தவர்கள் குறைவு. அக்காலத்தில் ஜப்பான் பிரிட்டனின் நட்பு நாடு. நம் கடல்களைக் காக்கும் பொறுப்பில் ஒரு பகுதி ஜப்பானியக் கடற்படையின் கையில் இருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் நம் மண்ணை ஆக்கிரமித்த அதே நாடு, அன்று இம்மண்ணின் காவலர்களுள் ஒன்றாக நின்றது.

இம்முரணை எண்ணிப் பார்க்கத் தூண்டியது ஒரு சிறிய கப்பலின் வரலாறு. அக்கப்பலின் பெயர் சகாகி.

மரத்தின் பெயர் கொண்ட கப்பல்

நாசகாரிக் கப்பல் என்பது பெரிய போர்க்கப்பல்களை நெருங்கி வந்து டார்ப்பிடோவால் தாக்கும் சிறு படகுகளை விரட்டுவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய வகை. உடல் ஒல்லி, வேகம் அதிகம், கவசம் இல்லை. ஜப்பான் தன் முதல் நாசகாரிக் கப்பல்களைச் சொந்தமாகக் கட்டவில்லை. இங்கிலாந்தின் யாரோ, தார்னிகிராஃப்ட் ஆகிய நிறுவனங்களிடம் அவற்றைக் கட்டி வாங்கியது. பின்னர் அவற்றைப் பார்த்துப் பழகித் தன் நாட்டிலேயே கட்டத் தொடங்கியது. 1905ஆம் ஆண்டு மே மாதம் சுஷிமா நீரிணையில் ரஷ்யக் கடற்படையைத் தோற்கடித்தபோது, இத்தகைய சிறு கப்பல்களும் அவ்வெற்றியில் பங்கு கொண்டன.

முதலாம் உலகப் போர் மூண்டதும், 1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் ஜப்பான் ஜெர்மனியின் மீது போர் அறிவித்தது. தன்னிடம் உள்ள நாசகாரிக் கப்பல்கள் போதா என்று உணர்ந்த அந்நாடு, ஒரே திட்டத்தில் பத்துக் கப்பல்களை அவசரமாகக் கட்டியது. கடற்படையின் கட்டுத்தளங்களோடு தனியார் நிறுவனங்களும் இவ்வேலையைப் பகிர்ந்து கொண்டன. சகாகி, நாகசாகிக்கு அருகிலுள்ள சசெபோ கடற்படைத் தளத்தில் உருவானது. 1914 டிசம்பரில் அடித்தளம் இட்டு, 1915 பிப்ரவரியில் நீரில் இறக்கி, மார்ச் மாதத்தில் பணிக்கு அனுப்பினார்கள். மொத்தம் நான்கே மாதங்கள்!

இப்பத்துக் கப்பல்களும் காபா வகை எனப்பட்டன. எடை ஏறத்தாழ 665 டன். வேகம் மணிக்கு 30 கடல் மைல், அதாவது சுமார் 55 கிலோமீட்டர். 120 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, 76 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கு, டார்ப்பிடோ செலுத்தும் குழாய்கள் நான்கு. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து ஓடிய நீராவிக் கப்பல்கள் இவை. பிரெஞ்சுக் கடற்படை இதே வடிவில் பன்னிரண்டு கப்பல்களை ஜப்பானிடம் கட்டி வாங்கியது. சில ஆண்டுகளுக்கு முன்னர்வரை ஐரோப்பாவிடம் கப்பல் வாங்கிய ஆசிய நாடு, 1917இல் ஐரோப்பாவிற்கே கப்பல் விற்றது.

பெயர்களைக் கவனியுங்கள். காபா என்பது பூர்ச்ச மரம். மட்சு என்பது பைன் மரம். கயேதே என்பது மேப்பிள். குசுனோகி என்பது கற்பூர மரம். இவ்வகைக் கப்பல்களுக்கெல்லாம் மரங்களின் பெயர்களையே சூட்டினார்கள். சகாகி என்பது ஷிண்டோ சமயத்தவர் புனிதமாகப் போற்றும் பசுமை மாறா மரம். அதன் கிளைகளைத் தெய்வச் சன்னிதியில் காணிக்கையாக வைப்பது அவர்கள் வழக்கம். நம் கோயில்களில் தலவிருட்சத்திற்கு உள்ள மதிப்பை நினைத்துக் கொண்டால், அப்பெயரின் கனம் நமக்கு விளங்கும்.

சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட படை

சகாகி நீரில் இறங்கிய அதே 1915 பிப்ரவரியில், சிங்கப்பூரில் ஒரு பெருங்கலகம் வெடித்தது. பிப்ரவரி 15ஆம் நாள், சீனப் புத்தாண்டு விடுமுறையின்போது, ஐந்தாம் இலகு காலாட்படையைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் தங்கள் பிரித்தானிய அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். வட இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வீரர்கள் நிறைந்த படைப்பிரிவு அது. பிரிட்டனிடம் அங்குப் போதிய படை இல்லை. உதவிக்கு வந்த நட்பு நாட்டுக் கப்பல்களுள் ஒட்டோவா, சுஷிமா என்னும் இரு ஜப்பானியக் கப்பல்களும் இருந்தன. அவற்றிலிருந்து இறங்கிய மாலுமிகள் கலகத்தை அடக்கத் துணை நின்றார்கள். பின்னர் நடந்த விசாரணைகளின் முடிவில் 47 சிப்பாய்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

சிங்கப்பூர் ஜப்பானிடம் சரணடைந்த நாளும் ஒரு பிப்ரவரி 15தான். ஆண்டு மட்டும் 1942. பிரிட்டனின் ஆட்சியைக் காக்க ஜப்பானியர் சிங்கப்பூரில் இறங்கியதற்கும், அதே ஆட்சியை வீழ்த்த இறங்கியதற்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகளே.

1917ஆம் ஆண்டு பிறந்தபோது போரின் போக்கு மாறியிருந்தது. பிப்ரவரி முதல் நாளிலிருந்து, எந்தக் கப்பலையும் எச்சரிக்கையின்றி மூழ்கடிப்போம் என ஜெர்மனி அறிவித்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் மட்டும் நேச நாடுகளும் நடுநிலை நாடுகளும் இழந்த வணிகக் கப்பல்களின் கொள்ளளவு ஏறத்தாழ 860,000 டன். மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய, ஆஸ்திரிய நீர்மூழ்கிகள் வேட்டையாடின. எகிப்துக்கும் சலோனிக்காவிற்கும் படைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்குத் துணை செல்ல நாசகாரிகள் போதவில்லை. பிரிட்டன் ஜப்பானிடம் உதவி கேட்டது.

ஜப்பான் இணங்கியது; ஆனால் விலை பேசித்தான் இணங்கியது. சீனாவின் சாண்டோங் மாநிலத்தில் ஜெர்மனி வைத்திருந்த உரிமைகளும், நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பசிபிக் கடலில் ஜெர்மனிக்கு இருந்த தீவுகளும் போருக்குப் பின் தனக்கே வர வேண்டும் என்றது. பிரிட்டன் அதற்கு ஆதரவளிப்பதாக உறுதி கூறியது. இதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசுகளின் நட்பில் கணக்கு இல்லாமல் இருப்பதில்லை. அக்கணக்கைப் போட்டவர்கள் தலைநகரில் இருந்தார்கள்; அதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் கப்பலில் இருந்தார்கள்.

ரியர் அட்மிரல் சாட்டோ கோசோ தலைமையில் இரண்டாம் சிறப்புப் படை அமைந்தது. அகாஷி என்னும் குரூசர் தலைமைக் கப்பல். அதனுடன் எட்டு நாசகாரிகள்: உமே, குசுனோகி, கயேதே, கட்சுரா, காஷிவா, மட்சு, சுகி, சகாகி. 1917ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் இப்படை சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டது. இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஏடன் வழியாகச் சூயஸ் கால்வாயைத் தாண்டி, ஏப்ரல் மாத நடுவில் மால்டாத் தீவை அடைந்தது. மால்டா பிரித்தானியரின் கடற்படைத் தளம். வந்த களைப்பு ஆறுவதற்குள் பணி தொடங்கிவிட்டது.

டிரான்சில்வேனியா

1917ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், டிரான்சில்வேனியா என்னும் பெரிய பயணக் கப்பல் பிரான்சின் மார்சே துறைமுகத்திலிருந்து எகிப்தின் அலெக்சாண்டிரியாவை நோக்கிப் புறப்பட்டது. படைவீரர்களும் மாலுமிகளுமாக ஏறத்தாழ மூவாயிரம் பேர் அதில் இருந்தார்கள். காவலாகச் சென்றவை மட்சு, சகாகி ஆகிய இரு நாசகாரிகள்.

மறுநாள் காலை பத்து மணி கடந்த வேளை. இத்தாலியின் ஜெனோவா வளைகுடாவில், வாடோ முனைக்கு அருகே கப்பல் சென்று கொண்டிருந்தது. யூ-63 என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கி செலுத்திய டார்ப்பிடோ டிரான்சில்வேனியாவின் விலாவைப் பிளந்தது.

இங்கே ஓர் உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். டார்ப்பிடோ பட்ட கப்பலின் அருகே மற்றொரு கப்பல் நிற்பது மிக ஆபத்தானது. தாக்கிய நீர்மூழ்கி அங்கேயே நீருக்கடியில் காத்திருக்கும். நின்ற கப்பல் அதற்கு எளிய இரை. 1914 செப்டம்பரில் வட கடலில் அபூக்கிர் என்னும் பிரித்தானியக் கப்பல் தாக்கப்பட்டபோது, அதன் மாலுமிகளை மீட்க நின்ற ஹோக், கிரெசி என்னும் இரு கப்பல்களும் அதே நீர்மூழ்கியால் அடுத்தடுத்து மூழ்கின. 1,400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பாடத்தை எல்லாக் கடற்படைகளும் அறிந்திருந்தன.

அறிந்திருந்தும், மட்சு டிரான்சில்வேனியாவின் பக்கவாட்டில் போய் ஒட்டி நின்றது. வீரர்கள் அதன் மேல்தளத்தில் குதித்தார்கள். சகாகி சுற்றி வந்து நீர்மூழ்கியைத் தலை தூக்க விடாமல் அடக்க முயன்றது. சிறிது நேரத்தில் இரண்டாவது டார்ப்பிடோ மட்சுவை நோக்கி வருவது தெரிந்தது. மட்சு முழு வேகத்தில் பின்வாங்கியது. டார்ப்பிடோ அதனைத் தப்பி, டிரான்சில்வேனியாவையே மீண்டும் தாக்கியது. அப்பெருங்கப்பல் விரைவாக மூழ்கியது. ஜப்பானிய நாசகாரிகள் இரண்டும் அவ்விடத்தை விட்டு அகலாமல், தண்ணீரில் தத்தளித்தவர்களையும் மீட்டன. கரையிலிருந்து இத்தாலியர்களும் உதவிக்கு வந்தார்கள்.

அன்று இறந்தவர்கள் 412 பேர். ஏனைய 2,500க்கும் மேற்பட்டோர் பிழைத்தனர். பிரித்தானிய அரசு அக்கப்பல்களின் அதிகாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் பதக்கங்கள் வழங்கியது. 2011ஆம் ஆண்டில் டிரான்சில்வேனியாவின் சிதைவை இத்தாலியக் கடற்கரைக்கு அப்பால், சுமார் 630 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள்.

எண்களைக் கரும்பலகையில் எழுதுவது எளிது. 2,500 பேர் என்றால் எத்தனை பேர் என்று மாணவர்களுக்கு எப்படிக் காட்டுவது? நான் ஒரு முறை இப்படிச் சொன்னேன்: "நம் பள்ளியில் 250 மாணவர்கள் இருக்கிறீர்கள். நம் பள்ளியைப் போல் பத்துப் பள்ளிகளை எண்ணிக்கொள்ளுங்கள்." வகுப்பு அமைதியாகிவிட்டது.

ஜூன் 11

டிரான்சில்வேனியா மூழ்கி ஆறு வாரங்கள்கூட ஆகவில்லை. 1917ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், மட்சுவும் சகாகியும் கிரீட் தீவின் சூடா விரிகுடாவை நோக்கிச் சென்று கொண்டிருந்தன. அப்பகுதியில் ஆஸ்திரிய-ஹங்கேரியின் யூ-27 என்னும் சிறிய நீர்மூழ்கி பதுங்கியிருந்தது. அது செலுத்திய டார்ப்பிடோ சகாகியின் முன்பகுதியைத் தாக்கியது.

கப்பலின் முகப்பு முழுவதும் சிதைந்து போயிற்று. கப்பல் தலைவர் உவேஹாரா தைச்சி உள்ளிட்ட 59 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ தொண்ணூறு பேர் பணியாற்றிய சிறு கப்பல் அது. மூவரில் இருவர் என்ற அளவில் இறந்து போயினர்.

ஆயினும் சகாகி மூழ்கவில்லை. பின்பாதி மிதந்து கொண்டிருந்தது. நேச நாட்டுக் கப்பல்கள் உதவிக்கு விரைந்து வந்தன. ரிபிள் என்னும் பிரித்தானிய நாசகாரியும் அவற்றுள் ஒன்று. தலையிழந்த அக்கப்பலைக் கயிறு கட்டி இழுத்துச் சூடா விரிகுடாவில் சேர்த்தார்கள். நீண்ட பழுதுபார்ப்புக்குப் பின் சகாகி மீண்டும் பணிக்குத் திரும்பியது.

மற்றக் கப்பல்கள் ஓயவில்லை. ஜப்பானிலிருந்து மேலும் நான்கு நாசகாரிகளும், இசுமோ என்னும் பெரிய குரூசரும் வந்து சேர்ந்தன. இரண்டு பிரித்தானிய நாசகாரிகளை ஜப்பானிய மாலுமிகள் பொறுப்பேற்று, கன்ரன், செண்டன் என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். ஜப்பானிய நாசகாரிகள் தங்கள் காலத்தில் 72 விழுக்காட்டைக் கடலிலேயே கழித்தன என்றும், பிரித்தானியக் கப்பல்களுக்கு அது 60 விழுக்காடு என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். 1918ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஜெர்மனி மேற்குப் போர்முனையில் பெருந்தாக்குதல் தொடுத்தபோது, எகிப்திலிருந்து பிரான்சுக்கு அவசரமாகச் சென்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்குக் காவலாகச் சென்றவை இக்கப்பல்களே.

போர் முடியும்வரை இப்படை காவல் சென்ற கப்பல்கள் 788. அவற்றில் பயணம் செய்த படைவீரர்கள் சுமார் ஏழு லட்சம் பேர். மூழ்கிய, சேதமுற்ற கப்பல்களிலிருந்து மீட்ட உயிர்கள் 7,075.

சகாகியில் இறந்தவர்களுக்கும் இப்படையில் மாண்ட ஏனையோருக்கும் மால்டாவில், கல்காரா என்னும் ஊரில் உள்ள கடற்படைக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. 1921ஆம் ஆண்டு, அப்போது இளவரசராக இருந்த ஹிரோஹிட்டோ ஐரோப்பியப் பயணத்தின்போது அங்குச் சென்று மரியாதை செலுத்தினார். 2017ஆம் ஆண்டு, சகாகி தாக்கப்பட்டதன் நூற்றாண்டில், அன்றைய ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபேயும் அங்குச் சென்றார்.

சகாகி 1919இல் தாயகம் திரும்பி, மேலும் பல ஆண்டுகள் பணியாற்றியது. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கடற்படைப் பட்டியலிலிருந்து நீங்கியது. அதன் வகையைச் சேர்ந்த மற்றக் கப்பல்களும் அதே காலத்தில் ஓய்வு பெற்றன.

நட்பு முடிந்த கதை

1919ஆம் ஆண்டு பாரிஸ் அமைதி மாநாட்டில் ஜப்பான் வெற்றியாளர் வரிசையில் அமர்ந்தது. எல்லா இனத்தாரையும் சமமாக நடத்த வேண்டும் என்னும் கருத்தை உலக நாடுகள் சங்கத்தின் சாசனத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டது. வாக்களித்த பதினேழு பேரில் பதினொருவர் ஆதரித்தனர். ஆயினும் ஒருமித்த முடிவு இல்லை என்று கூறி, தலைமை வகித்த அமெரிக்க அதிபர் வில்சன் அதனை ஏற்கவில்லை. இனச் சமத்துவம் கேட்ட அதே ஜப்பான், கொரியாவை அடிமைப்படுத்தி வைத்திருந்தது. சீனாவின் சாண்டோங்கை விட மறுத்தது. தனக்கு நீதி கேட்டவர் பிறருக்கு அதைத் தர மறுத்ததை மாணவர்களிடம் சுட்டிக்காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1902இல் தொடங்கிய ஆங்கிலோ-ஜப்பானிய உடன்படிக்கை 1923ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் காலாவதியானது. பிரிட்டன் சிங்கப்பூரின் செம்பாவாங்கில் பெரிய கடற்படைத் தளம் அமைத்தது. யாருக்கு எதிராக என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். எஞ்சிய கதையை நம் பாட்டிமார்களே நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

1941 டிசம்பர் 10ஆம் நாள், குவாந்தானுக்கு அப்பால் பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ் என்னும் இரு பெரும் பிரித்தானியப் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 840 பேர் இறந்தனர். அன்று பிரித்தானிய நாசகாரிகள் நீரில் கிடந்தவர்களை மீட்டபோது, ஜப்பானிய விமானங்கள் அவற்றைத் தாக்கவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். 1942 மார்ச் மாதத்தில் ஜாவாக் கடலில், இக்கசுச்சி என்னும் ஜப்பானிய நாசகாரியின் தலைவர் குடோ ஷுன்சாகு, மூழ்கிய பகைக் கப்பல்களின் மாலுமிகள் நானூற்றுக்கும் மேற்பட்டோரைத் தம் கப்பலில் ஏற்றிக் காப்பாற்றினார். ஆனால் 1944 மார்ச் மாதத்தில் இந்தியப் பெருங்கடலில், பேகார் என்னும் பிரித்தானிய வணிகக் கப்பலை மூழ்கடித்த டோனே என்னும் ஜப்பானியக் குரூசரின் மேல்தளத்தில், மீட்ட கைதிகளில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். மூன்றும் ஒரே கொடியின் கீழ் நடந்தவை.

நம் வகுப்பறையில் இதற்கு இடம் உண்டா?

இக்கேள்வியை நான் என்னையே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். காரணம், என் குடும்பத்திலும் ஒரு வெற்றிடம் இருக்கிறது. என் தாத்தாவின் அண்ணன் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில்பாதை வேலைக்குச் சென்றவர். அவர் திரும்பவில்லை. எங்கே இறந்தார், எந்த நாளில் இறந்தார் என்று எவருக்கும் தெரியாது. தெரியாததால், ஆண்டு திதியைக்கூட எங்கள் குடும்பத்தில் ஆடி அமாவாசையன்றே கொடுத்து வந்தார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மாண்ட பல்லாயிரக்கணக்கான மலாயாத் தமிழர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூட முழுமையாக இல்லை. மால்டாவில் சகாகியின் 59 பேருக்கும் ஒரு தூண் இருக்கிறது. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் புதைத்த இடமும் தெரியாது.

இதை எழுதும்போது நெஞ்சு கனக்காமல் இல்லை. "அவ்வளவு கொடுமை செய்தவர்களின் பெருமையை நீங்கள் ஏன் பாட வேண்டும்?" என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நான் அவருக்குச் சொன்ன மறுமொழியை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலாவது, வரலாறு என்பது நல்லவர் பட்டியலும் கெட்டவர் பட்டியலும் அன்று. 1917இல் தம் உயிரைப் பணயம் வைத்து அந்நியரை மீட்டவர்களும், 1943இல் நம்மவரைக் காட்டில் சாகவிட்டவர்களும் ஒரே நாட்டவர். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால், நாம் கற்பிப்பது வரலாறு ஆகாது. மீட்டவர்களின் கதையைச் சொல்வதால் மரண ரயிலின் குற்றம் ஓர் எள்ளளவும் குறையாது. மாறாக, அது கூடுகிறது. கொடுமை அந்த இனத்தின் இரத்தத்தில் ஊறியது என்றால், அதற்கு எவரும் பொறுப்பில்லை என்றாகிவிடும். வேறுவிதமாக நடக்க முடியும் என்று அவர்களின் சொந்தக் கடற்படையே காட்டியிருக்கிறது. வேறுவிதமாக நடக்க முடிந்தும் நடக்கவில்லை என்பதே குற்றம்.

இரண்டாவது, நம் மாணவர்கள் பல இனத்தாரோடு வாழ வேண்டியவர்கள். "அவர்களெல்லாம் இப்படித்தான்" என்னும் சொற்றொடர் எந்த இனத்தைக் குறித்து வந்தாலும் அது பொய். அதனை ஜப்பானியரைக் குறித்துச் சொல்லப் பழகும் பிள்ளை, நாளை பக்கத்து வீட்டாரைக் குறித்தும் சொல்வான். மற்றவர்கள் நம்மைக் குறித்து அவ்வாறே பேசும்போது நமக்கு எப்படி வலிக்கிறது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நினைவுச்சின்னத்தைப் பற்றியது. மால்டாவின் தூண் தானாக முளைக்கவில்லை. எழுப்பியவர்கள் இருந்தார்கள், நூறு ஆண்டுகளாகப் பேணியவர்கள் இருந்தார்கள். பிறருடைய தூணைப் பார்த்துப் பொறாமைப்படுவதால் பயனில்லை. நம்மிடம் கல் இல்லாவிட்டாலும் தாள் இருக்கிறது. நம் மாணவர்களின் வீடுகளில் இன்னும் சில முதியவர்கள் இருக்கிறார்கள். சயாமுக்குப் போனவரின் பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு, யாருடன் போனார் என்பவற்றைப் பிள்ளைகள் கேட்டு எழுதி வரலாம். ஒரு வகுப்பில் ஐந்து பெயர்கள் கிடைத்தாலும் அது ஐந்து பேருக்கான நினைவுத்தூண்.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

விருப்பமுள்ள ஆசிரியர்கள் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுடன் கீழ்க்காணும் நடவடிக்கைகளைச் செய்து பார்க்கலாம்.

1. உலகப் படத்தில் சிங்கப்பூரிலிருந்து ஏடன், சூயஸ் வழியாக மால்டா வரை சகாகி சென்ற பாதையை நூலால் ஒட்டச் சொல்லலாம். நம் முன்னோர் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த கடல் வழியையும் வேறு நிற நூலால் ஒட்டலாம்.

2. "மூழ்கும் கப்பலின் அருகே நிற்பதா, விலகிச் செல்வதா? நீ மட்சுவின் தலைவனாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று விவாதிக்கச் செய்யலாம். நின்றால் தன் மாலுமிகளுக்கு ஆபத்து. விலகினால் மூவாயிரம் பேருக்கு ஆபத்து. இதற்கு எளிய விடை இல்லை என்பதை மாணவர்கள் தாமே கண்டுபிடிக்கட்டும்.

3. பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வார இறுதியில் பிள்ளைகளை வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் உட்கார வைத்து, ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். மரவள்ளிக் கிழங்கு தின்று நாள் கழித்ததையும், வாழை மரம் அச்சிட்ட பணத்தாள் செல்லாக் காசாகிப் போனதையும் அவர்கள் தம் பெற்றோரிடம் கேட்டறிந்த வண்ணம் சொல்லட்டும். பிள்ளைகள் அதனைத் தமிழில் எழுதட்டும்.

சகாகி என்னும் மரம் ஆண்டு முழுதும் இலை உதிராதது என்பார்கள். அப்பெயர் கொண்ட கப்பல் பதினேழு ஆண்டுகளில் பட்டியலிலிருந்து மறைந்தது. அதில் இறந்தவர்களின் பெயர்கள் மறையவில்லை. யாரோ எழுதி வைத்தார்கள். நம்மவர்களின் பெயர்களை நாம்தான் எழுத வேண்டும். உங்கள் மாணவர்கள் எழுதி வரும் பெயர்களில் ஒன்றிரண்டையாவது எனக்கும் அனுப்பி வையுங்கள்.